வெண்ணெய் டப்பாக் காவல்

ஞாயிற்றுக்கிழமை காலை, நாய் பூனை ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் ஐந்து பேர் இருந்தோம். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எந்தப் பேச்சு யாருடையது என்ற குழப்பம் வராது.

டாக்டரம்மா நீள பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி விடுமுறை, வெள்ளைக் கோட்டு இல்லை. அவருடைய தம்பி ரசீது போடும் மேஜைக்குப் பின்னால். ஆஸ்பத்திரியின் வரவு செலவெல்லாம் அவர் பொறுப்பு என்பதால் எல்லோரும் அவரைக் ‘கணக்கு’ என்றுதான் சொல்வார்கள், அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பார். உதவியாளர் பீமன், நாய்களை எடை போடும் மேடையின் மேல் சம்மணம் போட்டிருந்தார். ஆள் அப்படிப்பட்ட ஆகிருதி. எவ்வளவு பெரிய நாயையும் இடுப்பில் இடுக்கிக்கொள்வார், பூனையைக் கண்டால் மட்டும் இரண்டடி தள்ளி நிற்பார். என் வீட்டுக்காரர், ‘உங்கள் செல்லத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும்’ என்று சுவரில் எழுதியிருந்த இடத்துக்கு நேர் கீழே. அவருக்குப் பக்கத்தில் நான்.

நடுவில் ஒரு ஸ்டூல். அதன் மேல் வெண்ணெய் வந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று. மூடியில் பசுமாட்டுப் படம். பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒரு ஒயர் வெளியே தொங்கியது.

அந்த டப்பாவைப் பற்றித்தான் கூட்டம். அதை நம்பி என்னை இந்த ஆஸ்பத்திரிக்கு ஆலோசகராக வைத்துக்கொள்வதா, இல்லை டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அனுப்பிவிட்டால் நான் இந்த ஊரை விட்டே கிளம்ப வேண்டியிருக்கும். அது ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கடிதப் பிரிவில் எனக்கு வேலை. ஜனங்கள் கோபமாக எழுதுவதைப் படித்து, கோபப்படாமல் பதில் எழுதுவது. எங்கள் கிளையை மூடப் போவதாக அறிவித்தார்கள். தலைமை அலுவலகத்தில் எனக்கு இடம் உண்டு என்றார்கள். அது ரயிலில் அரை நாள் தூரம். வருகிறேன், வரவில்லை என்று மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்ட காகிதம் போய்ச் சேர வேண்டும். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக், அவரால் நகர முடியாது. அப்படியானால் நான் மட்டும் அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறுக்கு என் வீட்டுக்கே விருந்தாளியாக வந்துபோக வேண்டும்.

டப்பா சமாசாரம் இதற்கெல்லாம் முந்தியது. ஒரு மழைக்காலத்தில் அலமாரியில் வைத்திருந்த அவருடைய கல்யாண ஷூவில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எதனால் என்று கண்டுபிடிக்க ஈரப்பதம் அளக்கும் சென்சார் ஒன்று வாங்கினேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். அதை ஒரு சின்ன போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, போனுக்குச் செய்தி அனுப்புகிற மாதிரி அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்துகொண்டேன். அலமாரியோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, துணி துவைக்கும் மிஷினுக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று. காலியான வெண்ணெய் டப்பாவுக்கெல்லாம் வேலை கிடைத்தது.

“நம்ம வீட்டுல தும்மினாக்கூட இவ போன்ல மணி அடிக்கும்” என்பார் வீட்டுக்காரர். ஃபிரிட்ஜ் கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தால் எனக்குச் செய்தி வரும். ஆபீசில் இருந்தபடியே கூப்பிட்டு, “இனிப்பை மூடி வைங்க” என்பேன். மாடி வீட்டில் இருக்கும் அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். “அண்ணா, ஜெயில்ல இருக்கறவன்கூட நிம்மதியா லட்டு தின்பான்.”

இந்த நாத்தனார்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தன் பூனைக்கு ஊசி போட இங்கே வந்திருக்கிறாள். கரண்ட் போய் ஃபிரிட்ஜில் இருந்த தடுப்பு மருந்தெல்லாம் வீணாகிவிட்டது, ஊசி அடுத்த வாரம்தான் என்று டாக்டரம்மா வருத்தப்பட்டிருக்கிறார். இவள் சும்மா இருக்கிறவளா? “எங்க அண்ணிகிட்ட சொல்லுங்க டாக்டர், அவங்க இதுல கன்சல்டன்ட்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நான் கன்சல்டன்ட் ஆன செய்தி எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

“ஏன்டி, பொய் சொல்லிட்டு வந்திருக்கே!”

“பொய்யா? நாலு வருஷமா எங்க எல்லார் உயிரையும் வாங்கறீங்களே அண்ணி. அதையே வெளியில போய் வாங்கினா அதுக்குப் பேரு கன்சல்டன்ட்தானே?”

போய்ப் பார்த்தேன். தடுப்பு மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதிகமானாலும் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். சரி, சோதனையாக ஒரு மாதம் டப்பா வைத்துப் பார்ப்போம் என்று பேச்சாயிற்று. டப்பா வைப்பதற்கு முன்னால், ஆபீசில் புகார்க் கடிதம் வந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். அதாவது கேள்வி கேட்டேன். காலையில் ஃபிரிட்ஜை முதலில் திறப்பது யார்? மருந்து எந்த நேரத்தில் வந்து இறங்கும்? ஃபிரிட்ஜ் செருகியிருக்கிற ஸ்விட்ச் போர்டில் வேறு என்ன செருகுவீர்கள்? மருந்து தவிர உள்ளே வேறு ஏதாவது உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பீமன் தரையைப் பார்த்தார்.

“மத்தியானச் சாப்பாடு…” என்றார். “டப்பாவோட. அப்புறம் தண்ணி பாட்டில். ரெண்டு பாட்டில்.”

“இத்தனை நாளா நான் பார்க்கவே இல்லையே!” என்றார் டாக்டரம்மா.

“மருந்துக்குப் பின்னால வைப்பேன் டாக்டர். நீங்க வருத்தப்படுவீங்கன்னு.”

சாப்பாடு வெளியே போயிற்று. நாய் முடி வெட்டும் மிஷினைச் செருக ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கும் வழக்கமும் நின்றது. அதற்கப்புறம் டப்பாவை வைத்தேன். வெப்பம் ஏறினால் அதற்குள் இருக்கும் சின்ன மணி ‘கீ’ என்று கத்தும். சோதிப்பதற்காக ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தேன். டப்பா கத்தியது. அவ்வளவுதான், உள்ளே கூண்டுகளில் இருந்த நாய்கள் அத்தனையும் தலையைத் தூக்கி ஊளையிட ஆரம்பித்துவிட்டன. ஆபரேஷன் ஆகி அரை மயக்கத்தில் கிடந்த நாய்கூட, வாயைத் திறக்க முடியாமல் தொண்டையாலேயே சேர்ந்துகொண்டது. வெளியே காத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். டாக்டரம்மா ஓடி வந்தார். எங்கள் வீட்டில் நாய் இல்லை, அந்த மணி நாயின் காதுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மணியைக் கழற்றிவிட்டேன். சத்தத்துக்குப் பதிலாகப் போனுக்குச் செய்தி வந்தால் போதும் என்று முடிவாயிற்று. யாருடைய போனுக்கு? அந்தக் கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் எல்லா டப்பாவும் எனக்குத்தான் சொல்லும், இதுவும் எனக்கே சொல்லும்படி என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. செய்தி வந்தால் நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச் சொல்வேன். இரண்டு தடவை அப்படியே நடந்தது. பீமன் என்னைப் ‘பெட்டியக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். “பெட்டியக்கா, உங்களுக்கு ஞானக்கண் இருக்குது” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரத்தில் தலைமை அலுவலகத்தில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போனேன். அங்கே ஒரு விதி: வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டகத்தில் பூட்டிவிடுவார்கள். நான் உள்ளே போய் என் மேஜையைப் பார்த்தேன். நல்ல மேஜை. ஜன்னலும் உண்டு, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல். பிரிவின் மேலாளர் தங்கமான மனுஷி, அருகில் பெண்கள் தங்கும் விடுதிகூடப் பார்த்து வைத்திருந்தார். வெளியே வந்து போனைத் திறந்தால், திரை முழுக்க டப்பாவின் செய்தி. எட்டைத் தாண்டிவிட்டது. பத்தைத் தாண்டிவிட்டது. பதினைந்து.

வாசலில் நின்றபடியே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது.

“சொல்லுங்க பெட்டியக்கா” என்றார் பீமன். “இப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்சுது.”

“ஃபிரிட்ஜைப் பாருங்க.”

காலடிச் சத்தம். பிறகு, “அய்யய்யோ” என்ற குரல். “மத்தியானம் பெரிய அட்டைப்பெட்டி வந்துச்சுக்கா. உள்ள தள்ளிட்டு ஆபரேஷனுக்கு ஓடினேன். கதவு வாயைப் பொளந்துகிட்டு நிக்குது!”

மருந்து முழுவதையும் டாக்டரம்மா குப்பையில் போட்டார். அன்று ஆபரேஷன் முடிந்த கையோடு, பீமன் ஃபிரிட்ஜைப் பார்ப்பதற்கு முன்னால், கதவை யாரோ அப்போதுதான் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்து நர்ஸ் ஒருவர் அதிலிருந்து மருந்தெடுத்து ஒரு நாய்க்குட்டிக்கு ஊசி போட்டுவிட்டார். ஊசியால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் பலன் இருக்குமா என்று சொல்ல முடியாது. அந்தக் குட்டியின் வீட்டாரை மறுபடி வரச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, புது மருந்து போட்டு அனுப்பினார்கள். யாரும் என்னிடம் சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பேசுவோம் என்றார்கள். அதுதான் கூட்டம்.

முதலில் பேசியவர் கணக்கு.

“நான் யாரையும் குத்தம் சொல்லல. தெளிவா இருக்கட்டும்னு கேக்கறேன். கடையில இதுக்குன்னே செஞ்ச பெட்டி விக்குது. நான் பார்த்துட்டேன். கரண்ட் போனாலும் ஓடும். ஆறு பேருக்கு ஒரே நேரத்துல செய்தி போகும். இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அதுல மாட்டுப் படம் இல்ல, அவ்வளவுதானே?”

“மாட்டுப் படம் நம்ம ஆஸ்பத்திரிக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு” என்றார் பீமன்.

“நீ மொதல்ல மேடையை விட்டு எறங்கு. பின்னாடி நம்பர் எரியுது, கண்ணு கூசுது.”

பீமன் திரும்பிப் பார்த்தார். எடை காட்டும் பலகையில் அவருடைய எடை சிவப்பு எழுத்தில் தெரிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையை மூடினார்.

டாக்டரம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்க. உங்களை ஒரு ஆலோசகரா வெச்சுக் கேக்கறேன். உங்க பெட்டியா, கடைப் பெட்டியா?”

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். வாயை மூடிக்கொண்டிரு என்பதற்கும், சீக்கிரம் சொல்லு என்பதற்கும் அவரிடம் ஒரே செருமல்தான். அது எது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நான் டப்பாவைப் பார்த்தேன். ஈயம் வைத்த இடங்களெல்லாம் எனக்கு மனப்பாடம். மூடி சரியாகப் பொருந்துவதற்கு விளிம்பைச் சூடு காட்டி வளைத்த சாயங்காலம் ஞாபகம் இருக்கிறது. கணக்கு சொன்ன கடைப் பெட்டியையும் எனக்குத் தெரியும். முதல் வாரமே பார்த்துவிட்டேன். பார்த்தும் அதைப் பற்றி இங்கே வாய் திறக்கவில்லை.

“கடைப் பெட்டியை வாங்குங்க” என்றேன்.

வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இது எங்க வீட்டுக்குச் செஞ்சது டாக்டர். கெட்டுப்போனா நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திறந்துடுவேன். இங்க அப்படி இல்ல. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா, இதைத் திறக்கக்கூட உங்க யாருக்கும் தெரியாது. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்கூட இல்ல, வெறும் போன்தான் கையில இல்ல. அதுக்கே இந்தக் கதி.”

“அப்ப பெட்டியக்காவை நான் என்னன்னு கூப்பிடறது?” என்றார் பீமன், நிஜமான கவலையோடு.

“அது இருக்கட்டும்” என்றார் கணக்கு. “கடைப் பெட்டியை வாங்கறது நாங்க. மாட்டறது கடைக்காரன். அப்படின்னா, தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்கு இங்க என்ன வேலை?”

நியாயமான கேள்வி. வீட்டிலிருந்து கிளம்பும்போது, டப்பாவில் என்னென்ன மாற்றம் செய்யலாம் என்றுதான் வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போது டப்பாவே இல்லை. எழுந்து, நன்றி சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. ஆனாலும் ஒரு சந்தேகம் வாயில் வந்து நின்றது. கேட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றியது.

“கடைப் பெட்டி ஆறு பேருக்குச் செய்தி அனுப்பும்னு சொன்னீங்க. யார் அந்த ஆறு பேர்?”

“அக்கா, நான், பீமன், சாயங்காலம் வர்ற சின்ன டாக்டர், ரெண்டு நர்ஸ்.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் செய்தி வருது. யார் எழுந்து போவீங்க?”

“பீமன் போவான்” என்றார் கணக்கு.

“நானா?” பீமன் நிமிர்ந்தார். “டாக்டர் மாடியிலதானே குடியிருக்காங்க. பத்துப் படி. அவங்க பார்த்துக்குவாங்கன்னு நான் திரும்பிப் படுத்துடுவேன்.”

“நான் எங்கே பார்க்கறது?” என்றார் டாக்டரம்மா. “ஞாயித்துக்கிழமை போனை இவன்கிட்டத்தான் குடுத்து வெச்சிருப்பேன். அவசரக் கேஸ் வந்தா இவன் பேசட்டும்னு.”

“எங்கிட்ட இருக்கும்தான்” என்றார் கணக்கு. “ஆனா எனக்கு ஃபிரிட்ஜ் அறைச் சாவி எது, தோட்டத்துச் சாவி எதுன்னே தெரியாதே.”

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். “எங்க டிப்போவுல இதான்” என்றார். “மணி அடிச்சா பத்து மெக்கானிக்கும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்ப்பான். ஊருக்கு உழைக்கறவன் பத்துப் பேர் இருந்தா கிணத்துல வாளி இறங்காது.” அப்படி ஒரு பழமொழி கிடையாது. அவருக்குத் தேவைப்படும்போது ஒன்று செய்துகொள்வார்.

“சரி, இன்னொண்ணு” என்றேன். “ஆபரேஷன் நேரத்துல?”

“அப்ப நானும் பீமனும் உள்ளே” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “கையுறை போட்டிருப்போம். போன் வெளியில.” என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு உங்க போன் உங்க கையிலயே இருந்து, நீங்க கூப்பிட்டிருந்தாலும் நாங்க எடுத்திருக்க மாட்டோம்.”

“எடுத்திருக்க மாட்டீங்க. ஆறு பேருக்குச் செய்தி போயிருந்தாலும், உள்ள இருக்கறவங்க பார்த்துக்குவாங்கன்னு மத்தவங்க இருந்திருப்பாங்க. அதனால அந்த நேரத்துக்குப் போன் உதவாது. சத்தமும் உதவாது, நாய் ஊளையிடும். ஆபரேஷன் அறைச் சுவர்ல, தலை நிமிர்ந்தா தெரியற இடத்துல ஒரு சிவப்பு விளக்கு போடலாம். கடைப் பெட்டியிலேயே அதுக்கு இணைப்பு இருக்குது. விளக்கு எரிஞ்சா பீமன் கையுறையைக் கழட்டிட்டுப் போய்ப் பார்க்கணுமா, இல்ல வெளியில இருக்கற நர்ஸைக் கூப்பிடணுமா, அதை நீங்கதான் சொல்லணும் டாக்டர். மருந்து மத்தியானம் வந்து இறங்குதே, அந்தக் கடைக்காரரைக் காலையில கொண்டுவரச் சொல்ல முடியுமா?”

“கேட்டதே இல்லையே” என்றார் கணக்கு.

“கேளுங்க. ஆபரேஷன் இல்லாத நேரத்துல வந்தா பீமன் அவசரப்பட்டு அடைக்க மாட்டார்.”

“நான் அவசரப்படறவன் இல்ல” என்றார் பீமன். “அன்னிக்கு ஒரு பூனை வேற வெளியில திரிஞ்சுது.”

அதற்குப் பிறகு பேச்சு தானாகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு யார், சின்ன டாக்டர் இருக்கும் சாயங்காலத்துக்கு யார், ஒருவர் ஊருக்குப் போனால் அவர் இடத்தில் யார், சாவியில் என்ன நிறக் கயிறு. கரண்ட் போய்த் திரும்பவில்லை என்றால் மருந்தை எங்கே எடுத்துப்போவது என்று கேட்டேன். அடுத்த தெருப் பல் டாக்டரிடம் ஜெனரேட்டர் உண்டு என்று பீமனுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் யார் பேசுவது என்பதில் கொஞ்சம் சண்டை வந்தது. கணக்குக்கும் பல் டாக்டருக்கும் வண்டி நிறுத்தும் விஷயத்தில் பழைய மனஸ்தாபமாம். கடைசியில் டாக்டரம்மாவே பேசுவதென்று ஆயிற்று. இதற்கிடையில் கணக்கு, யாரும் சொல்லாமலே ரசீதுப் புத்தகத்தின் பின்புறத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

எனக்கு அப்போது ஒரு விசித்திரமான உணர்ச்சி. ஸ்டூலின் மேல் டப்பா இருக்கிறது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எனக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

“மூணு மாசம்” என்றார் டாக்டரம்மா, எழுந்து நின்று. “மூணு மாசத்துக்கு நீங்க இதைப் பார்த்துக்குங்க. பெட்டி வாங்கறது, விளக்கு மாட்டறது, எல்லாருக்கும் பழக்கிவிடறது. மாசம் ஒரு தடவை வந்து இப்படிக் கேள்வி கேளுங்க. அதுக்கு மேல இப்ப என்னால வாக்குக் குடுக்க முடியாது. மத்த டாக்டருங்க யாராவது கேட்டா உங்க பேரைச் சொல்வேன். கேப்பாங்களான்னு தெரியாது.”

“மூணு மாசத்துக்கு நான் ஒரு ஒப்பந்தம் எழுதிடறேன்” என்றார் கணக்கு. பிறகு, கொஞ்சம் யோசித்து, “இல்ல, நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் எழுத வருது.”

வண்டியில் திரும்பினோம். டப்பா என் மடியில் இருந்தது.

“மூணு மாசம்” என்றார் வீட்டுக்காரர், இரண்டாவது சிக்னலில் நின்றபோது.

“ஆமா.”

“அங்க ரிடையர் ஆகற வரைக்கும்.”

“ஆமா.”

“நான் ஒண்ணும் சொல்லல. இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதைப் பிடிக்காதேன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் சொல்லல.”

“இருக்கறதா? அது அரை நாள் ரயில் தூரத்துல இருக்குது. அதையும் ஓடிப்போய்த்தான் பிடிக்கணும்.”

அவர் சிரித்தார், ஆனால் முழுதாகச் சிரிக்கவில்லை. “பயமா இல்லையா உனக்கு?”

“இருக்கு. இன்னிக்கு அந்தத் தம்பி ‘உங்களுக்கு இங்க என்ன வேலை’ன்னு கேட்டாரே, அப்ப எனக்குப் பதிலே தெரியலை. அடுத்த எடத்துலயும் இதையேதான் கேப்பாங்க.”

“அடுத்த எடத்துல என்ன சொல்வே?”

“யார் எழுந்து போவீங்கன்னு கேப்பேன்.”

சிக்னல் பச்சை ஆனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கிளப்பினார். “நீ அங்க போயிட்டா எனக்கு இனிப்பு திங்கறதுல ருசியே இருக்காது” என்றார். “திட்டறதுக்கு ஆள் இல்லாம என்னத்தைத் திங்கறது.” எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அதைவிடத் தெளிவாக எதையும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படியிலேயே நாத்தனார், பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு.

“என்ன ஆச்சு அண்ணி? டப்பா திரும்பி வந்திருக்கே! துரத்திட்டாங்களா?”

“டப்பாவைத் துரத்திட்டாங்க. என்னை வெச்சுக்கிட்டாங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“மூணு மாசம்.”

“பார்த்தீங்களா, நான் அன்னிக்குச் சொன்னப்ப பொய்யின்னீங்க. மூணு மாசத்துக்காவது அது உண்மை.” பூனையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். “தலைமை ஆபீசுக்கு என்ன சொல்லப்போறீங்க?”

உள்ளே போய்ச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்தேன். ஈரம் காய்ந்த பிறகு வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடுநர், பெறுநர், பொருள். பள்ளிக்கூடத்தில் படித்த அதே வரிசை, அதை மாற்றினால் எனக்குக் கை ஓடாது. பொருள் என்ற இடத்தில், ‘பணி ஏற்க இயலாமை தெரிவித்தல்’ என்று எழுதினேன். இயலாமை என்பது சரியில்லை, என்னால் இயலும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, ‘பணி ஏற்கவில்லை எனத் தெரிவித்தல்’ என்று வேறு தாளில் எழுதினேன்.

ஆபீசில் நான் எழுதிய மறுப்புக் கடிதங்களுக்குக் கணக்கில்லை. ‘வருந்துகிறோம்’ என்று தொடங்கும், ‘நன்றி’ என்று முடியும். நடுவில் இருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள். படித்தால் கோபம்தான் வரும். இந்தக் கடிதத்தில் வருந்துகிறேன் என்று போடவில்லை. அந்த மேலாளர் எனக்காக விடுதி பார்த்து வைத்தவர், அவர் முழுதாகப் படிப்பார் என்று தோன்றியது. மேஜை நன்றாக இருந்தது, எனக்காக எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி, நான் இந்த ஊரிலேயே தனியாகத் தொழில் தொடங்குகிறேன், என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். என்ன தொழில் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் போல இருந்தது. இப்படி வந்தது: ‘பொருள்களைக் காக்கும் கருவிகள் எவை, அவை அழைக்கும்போது செல்ல வேண்டியவர் யார் என்பதை வகுத்துக் கொடுக்கும் தொழில்.’

வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். “இதைப் படிச்சா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது” என்றார்.

“உங்களுக்குப் புரியுதா?”

“எனக்குப் புரிஞ்சா போதுமா? நான் என்ன சம்பளம் தர்றவனா?”

“அப்ப வெட்டிடட்டுமா?”

“இருக்கட்டும்” என்றார். “புரியலைன்னா போன் பண்ணிக் கேப்பாங்க. கேட்டா அவங்களும் உனக்கு ஒரு கஸ்டமர்.”

கையெழுத்துப் போட்டேன். மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். பசை ஓரத்தை நனைத்து, விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தித் தேய்த்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் டிப்போவுக்குப் போகிற வழியில் தபால் ஆபீஸ் வாசலில் என்னை இறக்கினார். வண்டி நிறுத்த இடம் இல்லை, எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார். கவுண்டரில் இருந்தவர் உறையை எடை போட்டு, முகவரியைப் படித்து, “பதிவுத் தபாலா, சாதாவா?” என்று கேட்டார். பதிவுத் தபால் என்றேன். அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் பார்க்காமலே எறிந்தார். அது போய் விழுந்த சத்தம் கேட்டது.